டெட்பேனில் சட்டி இல்லை

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், மனசு ஆறவில்லை.

அன்று மேடையில் பேசியவர் சொன்னது இது: ஆங்கிலத்தில் 'பேன்' (pan) என்றால் சட்டி, அதனால் டெட்பேன் (deadpan) என்றால் அடுப்பில் ஏற்றாத சட்டி மாதிரி, சூடே இல்லாத நகைச்சுவையாம். இல்லைங்க. அமெரிக்கக் கொச்சைப் பேச்சில் 'பேன்' என்றால் முகம். 'டெட்' என்றால் இங்கே அசைவில்லாத. அசையாத முகம், அவ்வளவுதான். முகத்தில் எதையும் காட்டாமல் சிரிக்க வைப்பது. 1920களின் கடைசியில் நாடக, சினிமா வட்டாரத்தில் புழங்கி அச்சில் ஏறிய சொல். எழுந்து இதைச் சொன்னதற்கு, "தம்பி கூகுள் பாத்துட்டு வந்திருக்கார்" என்றார், எல்லாரும் கைதட்டினார்கள். ஆமாம், பார்த்தேன். அகராதியும் பார்த்தேன். அதில் என்ன தப்பு?

ஒரு சொல்லுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். சட்டி என்று சொன்னதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அதை வைத்தே ஊமைப்படக் காலத்து நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனை உணர்ச்சியே இல்லாத நடிகர் என்றாரே! சின்ன வயதில் அப்பா அம்மாவோடு மேடையேறி, தான் சிரித்தால் சனங்கள் சிரிப்பதில்லை என்று பட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். 1928இல் வந்த படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாக அவர் மேல் சாய்கிறது, ஜன்னல் திறப்பு மட்டும் அவரைச் சுற்றி இறங்குகிறது. நிஜமான கனத்த சுவர். ஓரிரண்டு அங்குலம் பிசகியிருந்தால் ஆள் இல்லை. முகம் அசையாது, ஆனால் அந்தக் கண்களைப் பாருங்கள்.

எல்லாம் நக்கல்தானே என்பவர்களுக்கும் ஒன்று. நக்கல் கலந்த நகைச்சுவையை ஆங்கிலத்தில் 'ரை' (wry) என்பார்கள். அந்தச் சொல்லின் வேர் திருகுவது, கோணுவது. கழுத்துப் பிடிப்பைக்கூட ரை நெக் என்பார்கள். அது வாய் கோணுகிற சிரிப்பு. டெட்பேனில் முகம் கோணவே கோணாது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

எங்கள் பெரியப்பா அப்படித்தான். சாம்பாரில் உப்பு கரித்தால் இலையைப் பார்த்தபடியே, "தூத்துக்குடியில இந்த வருஷம் உப்பு விளைச்சல் அமோகம் போலிருக்கு" என்பார். அடுத்த உருண்டை வாய்க்குள் போய்விடும். பெரியம்மாவுக்கு நாலு நொடி கழித்துத்தான் உறைக்கும், கரண்டியும் கையுமாக நின்று சிரிப்பார். பெரியப்பா மோர் கேட்பார். அவருக்கா சூடு இல்லை?

அவர் இறந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர், "பாவம், சிரிக்கவே தெரியாத மனுஷன்" என்றார். மூலையில் அழுதுகொண்டிருந்த பெரியம்மா தலை நிமிர்ந்து, "அவரா?" என்று கேட்டார்.

இதையும் சொல்லத்தான் எழுந்தேன். அதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள்.