மல்லிகை ஊதுபத்தி 14 இருக்கிறதாம்!

2024இல் தீபாவளி அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. தெருவில் வெடி போடுகிற பொடியனுக்குக்கூட இது தெரியும், எங்கள் சூப்பர் மார்க்கெட் ஹெட் ஆபீஸில் விற்பனைக் கணக்கைத் திரையில் காட்டுகிற டாஷ்போர்டுக்குத் தெரியாது. 2025 அக்டோபர் கடைசி வாரத்தை முந்தின வருஷத்து அதே வாரத்தோடு வைத்துப் பார்த்து, கடலை மாவும் நெய்யும் படுத்துவிட்டதாகச் சிவப்பு சிவப்பாகக் காட்ட, ஏரியா மேனேஜர் போனில் காய்ச்சி எடுக்கிறார். பலகாரம் சுட்டு, தின்று, லேகியமும் சாப்பிட்டாயிற்று சார்! இனிமேல் யார் வந்து கடலை மாவு வாங்குவார்கள்?

சரி, அது வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற கூத்து. தினமும் என் உயிரை எடுப்பது ஊதுபத்தி.

மல்லிகை, சந்தனம், ரோஜா, மூன்றும் ஒரே விலை. மூன்றிலும் ஒவ்வொன்று எடுத்து வந்தால், பில் போடுகிற பெண் சந்தனத்தையே மூன்று தடவை ஸ்கேன் செய்துவிடுகிறாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் நிமிஷத்துக்கு எத்தனை பொருள் அடிக்கிறாள் என்று அவளுக்கும் ஒரு டாஷ்போர்டு வைத்திருக்கிறார்களே, அவள் என்ன செய்வாள்? ஆக, கணக்கில் சந்தனம் தீர்ந்துபோய், தானாகவே ஆர்டர் போய், வைக்க இடமில்லாமல் வந்து குவிகிறது. மல்லிகை? அலமாரி காலி. சிஸ்டத்தில் மட்டும் 14 பாக்கெட். இருக்கிறது என்று நினைப்பதால் ஆர்டர் போகாது, சரக்கு இல்லாததால் விற்காது, விற்காததால் ‘நகராத சரக்கு’ என்று முத்திரை குத்தி இடத்தைக் குறைக்கச் சொல்லி மெயில்!

வாடிக்கையாளர் கேட்டு இல்லையென்று திரும்பிப் போனதைப் பதிய அந்த மென்பொருளில் இடமே கிடையாது. நான் முன்பு வேலை பார்த்த மளிகைக்கடை முதலாளி கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருப்பார், கேட்டு இல்லாததை மட்டும் எழுதுவதற்கு. ராத்திரி கடை சாத்தும்போது அதைப் பார்த்துத்தான் மறுநாள் கொள்முதல். அதுவும் டேட்டாதான் அய்யா! அதற்கு அவர் ‘டேட்டா டிரிவன்’ என்று பெயர் வைத்துப் பயிற்சி வகுப்பு எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எண்ணிப் பார்த்துத் திருத்தலாம் என்றால் எனக்கு அனுமதி கிடையாது, ஹெட் ஆபீஸுக்கு ‘டிக்கெட்’, அதாவது கம்ப்யூட்டரில் ஒரு புகார், போட வேண்டுமாம். போட்டு 19 நாள் ஆகிறது. இன்று பதில் வந்திருக்கிறது: ‘ஸ்டாக் 14 உள்ளது, சரிபார்க்கவும்.’