மேலது, ப. 45

கையிலிருக்கும் ஆய்வேட்டில் மூன்றாம் இயலின் முதல் அடிக்குறிப்பே ‘மேலது, ப. 45’, அதாவது மேலே சுட்டிய அதே நூலின் 45ஆம் பக்கம், என்றிருந்தால் எதற்கு மேலே பார்ப்பது, மின்விசிறியையா? முந்திய இயலின் கடைசிக் குறிப்பைப் புரட்டினேன்; அதுவும் மேலது. அதற்கு முந்தியதும் மேலது. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஏறிப் போனால், உச்சியில் ‘மு.நூ.’ என்றொரு குறிப்பு வீற்றிருக்கிறது. முற்சுட்டிய நூலாம், முன்னர் எங்குமே சுட்டப்படாத நூல். சரி, துணைநூற்பட்டியலாவது கைகொடுக்கும் என்று போனால், அந்த ஆசிரியர் பெயரில் நான்கு நூல்கள். நான்கிலும் 45ஆம் பக்கம் உண்டு.

ஆய்வேடு மதுரைச் சந்தைகளைப் பற்றியது என்பதால் பத்துப்பாட்டில் ஒன்றான மதுரைக்காஞ்சி வந்தே தீரும். வந்தது, ஒரு பக்கம் முழுக்க, யார் பாடியது, எதற்காக இங்கே வருகிறது என்று முன்னே ஒரு சொல்கூட இல்லாமல். 782 அடிகளில் இவை எந்த அடிகள் என்ற எண் இல்லை. 1889இல் உ.வே.சா. அச்சேற்றிய பத்துப்பாட்டா, நடைபாதையில் வாங்கிய மலிவுப் பதிப்பா என்பதும் இல்லை. வாங்க வாங்கக் குறையாமலும் வந்து குவியக் குவிய மிகாமலும் இருக்கும் பகற்சந்தையான நாளங்காடிக்கு உவமையாகக் கடல்நீரையும், இரவுச்சந்தையான அல்லங்காடியின் இரைச்சலுக்குப் பலவகைப் பறவைகளின் ஒலியையும் புலவர் ஏன் தேர்ந்தார் என்று கேட்டிருந்தால் ஓர் இயலே எழுதலாம். பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்லுக்குச் சொல் நின்று உரை கண்ட பாட்டு அது. நம் ஆய்வாளர் கண்ட உரையோ, ‘என்ற அடிகளின் மூலம் பண்டைய மதுரையில் சந்தை இருந்தமை தெள்ளிதின் புலனாகிறது’ என்பது மட்டும். இன்றைய மதுரையின் மாட்டுத்தாவணிச் சந்தையில் வெங்காயம் நிறுப்பவரிடம் கேட்டிருந்தால் இதைவிட நன்றாகப் புலனாகியிருக்கும்.

அவரை அழைத்துக் கேட்டால், “ஐயா, திருட்டு பார்க்கிற மென்பொருள்ல ஒப்புமை பத்து சதவீதத்துக்குள்ளதான் வந்திருக்கு” என்கிறார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதி எழுத்துத் திருட்டை அளக்க வந்தது. உரிய சான்றோடு காட்டிய மேற்கோளை அது கணக்கில் சேர்ப்பதே இல்லை. திருடவில்லை என்ற சான்றிதழைச் சிந்தித்ததற்குச் சான்றாக நீட்டுவது எந்த ஊர் நியாயம்?

எரிச்சலில் முன்பக்கங்களைப் புரட்டியபோது நன்றியுரை கண்ணில் பட்டது. அங்கே ஒவ்வொருவரும் ஊர், பெயர், பதவியோடு முறையாக அறிமுகமாகிறார்கள்; யார் என்ன உதவினார், அதனால் ஆய்வு எவ்வாறு சிறந்தது என்று ஆளுக்கு மூன்று வரி விளக்கம். தட்டச்சு செய்து தந்த தம்பியின் கடைக்குக் கதவு எண்கூட இருக்கிறது. அதற்குமேல் கோபப்பட முடியவில்லை, சிரித்துவிட்டேன். மதுரைக்காஞ்சியைப் பாடிய மாங்குடி மருதனார் அந்தக் கடையில் நகலாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம்.