பத்துக் கேள்வி கேட்டவள் சொல்கிறேன்

முந்தாநாள் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. "ஒரு தாளைக் கொடுத்து டிக் பண்ணச் சொன்னா அது ஆராய்ச்சியா? எச்சில் எடுத்தீங்களா, ரத்தம் எடுத்தீங்களா?" என்று அங்கே பேசிய ஒருவர் கேட்டதும் அரங்கமே சிரித்ததே, வந்திருந்தவர்களுக்குத் தெரியும். ஆறு வருடம் வீடு வீடாக அந்தத் தாளோடு, மன அழுத்தக் கேள்வித்தாளோடு, ஏறி இறங்கியவள் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது 1983-ல் ஷெல்டன் கோஹன் என்ற உளவியலாளரும் இன்னும் இருவரும் அமெரிக்காவில் உருவாக்கிய மன அழுத்த அளவுகோல். முதலில் 14 கேள்விகள். இப்போது பெரும்பாலும் 10. போன ஒரு மாதத்தில் எல்லாம் கைமீறிப் போவதாக எத்தனை தடவை தோன்றியது என்பது போலக் கேட்கும். 'ஒருபோதும் இல்லை' 0, 'மிக அடிக்கடி' 4. கஷ்டம் எவ்வளவு என்பதை அது அளப்பதில்லை. அந்தக் கஷ்டம் பதில் சொல்பவருக்குத் தாங்க முடியாததாகத் தோன்றுகிறதா என்பதைத்தான் அளக்கிறது. அவருக்குத் தோன்றுவதை அவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

எச்சிலிலோ ரத்தத்திலோ கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைப் பார்க்கச் சொல்கிறார்கள். பாருங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? காலையில் எழுந்த அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் ராத்திரி அடியில் கிடக்கும் ஹார்மோன் அது. நைட் ஷிஃப்ட் பார்த்தால் மாறும், ஸ்டீராய்டு எடுத்தாலும் மாறும். உடம்பின் கணக்கை அது சொல்லும். மனசின் கணக்கை ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

வெறும் தாள் என்பவர்களுக்கு ஒன்று. 1991-ல் வெளிவந்த ஆய்வில் இதே கோஹன் குழு 394 பேரின் மூக்கில் சளி வைரஸ் சொட்டுகளை விட்டது. அதற்கு முன்பே கேள்வித்தாள்களில் மன அழுத்தத்தைக் குறித்து வைத்திருந்தார்கள். அழுத்தம் குறைந்தவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சளி பிடித்தது. கூடியவர்களில் 47 சதவீதம். தாள் சொன்னதை உடம்பும் சொன்னது.

"ஜனங்க பொய் சொல்வாங்க." சொல்வார்கள்தான். ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அக்கா பத்துக்கும் 'ஒருபோதும் இல்ல' என்றார். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பத்தில் நான்கு கேள்விகள் நல்லதைக் கேட்பவை, அவற்றை மட்டும் தலைகீழாக, 'ஒருபோதும் இல்லை'க்கு 4 என்று எண்ண வேண்டும். அதனால் எல்லாவற்றுக்கும் 'இல்ல' என்றாலே 16 வந்துவிடும். 'சமாளிச்சிருவோம்ங்கிற நம்பிக்கை இருந்துச்சா'வுக்கும் 'ஒருபோதும் இல்ல' என்றபோதே எனக்கு உறைத்தது. தண்ணீர் கேட்டேன். மாமியார் உள்ளே போனார். "அந்தத் தாள மறுபடி எடு கண்ணு" என்றார் அக்கா. இந்த முறை 40-க்கு 33.

இதை எந்த எச்சில் குப்பி செய்யும்?

ஒரு மாதம் முன்பு நடந்தது எப்படி நினைவிருக்கும் என்கிறார்கள். வட்டிக்காரன் வாசலில் கத்தியது நினைவிருக்காதா? அவசரமாக நிரப்பினால் தாள் தப்பாகத்தான் வரும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாளைக்கு 25 வீடு என்று இலக்கு வைத்தது நாங்களா? தெருநாய்க்குப் பயந்து, பாத்ரூம் இல்லாமல் தண்ணீர் குடிக்காமல் அலைந்த எங்களை ஒரு நாளாவது அழைத்து, "வீட்டுல என்ன சொன்னாங்க?" என்று கேட்டதுண்டா?

அன்று சிரித்தவர்களில் மூன்று பேருடைய கட்டுரைகளின் அட்டவணைகள் நாங்கள் கொண்டுவந்த தாள்களிலிருந்து போட்டவை. அந்த அக்காவின் 33-உம் அதற்குள் இருக்கிறது.