குமிழித் தூணைப் பிடுங்காதீர்கள்

கண்மாயைத் தூர்வார ஜேசிபி இறங்கினால் முதல் அடி வாங்குவது பெரும்பாலும் குமிழி மடைதான். கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தண்ணீருக்கு நடுவே ஜோடியாக இரண்டு கல்தூண் நிற்குமே, அதுதான். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் அதில் ஒரு தூண் போன கோடையில் உடைந்துபோய்க் கரையோரம் கிடக்கிறது. "அதான் புது ஷட்டர் போட்டாச்சேண்ணே, இது எதுக்கு?" என்று கேட்டார் வேலை பார்த்தவர். அவர் மட்டுமல்ல, ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

எதுக்கு என்று சொல்கிறேன். தூண்களுக்குக் குறுக்கே பலகைக்கல் செருகியிருக்கும், அதன் நடுவில் துளை இருக்கும். அடியில் ஒரு கல்தொட்டி, அதன் மூடுகல்லிலும் துளை. மேலிருந்து இறங்கும் நீளக் கம்பின் நுனியில் உள்ள அடைப்பு அந்தத் துளையை மூடியிருக்கும். தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் ஓடும் கல் சுரங்கம் வழியாக வயலுக்குப் போகும். இது நீரோடி. தொட்டியின் பக்கத்தில், தரையை ஒட்டிச் சின்னத் துளைகள் இருக்கும். அது சேறோடி. தண்ணீர் இறங்குகிற வேகத்தில் அடியில் படிந்த வண்டலும் அந்த வழியாக இழுபட்டுப் போகும். வயலுக்கு உரமும் ஆச்சு, கண்மாயில் மேடு தட்டுவதும் குறைந்தது. மோட்டார் கிடையாது, இரும்பு கிடையாது. இன்று லட்சக்கணக்கில் செலவழித்து அள்ளுகிற வண்டலில் ஒரு பங்கை ஒவ்வொரு பாசனத்திலும் சும்மா வெளியேற்றிய ஏற்பாடு இது.

கண்மாய் நிறைந்து கிடக்கும்போது இதைத் திறக்க மூச்சடக்கி முங்கிய ஆட்கள் இருந்தார்கள். நீர்ப்பாய்ச்சி என்போம். மடை திறக்கும் முன் மடையின் காவல் சாமியான மடைக்கருப்புக்குப் பொங்கல் வைக்காமல் யாரும் தண்ணீரில் கால் வைத்ததில்லை. உயிரைப் பணயம் வைத்த வேலை அது.

வைகை ஆற்றுப் படுகையில் கிடைத்த 7ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் (பழைய தமிழ் எழுத்து வடிவம்) கல்வெட்டில் மதகு அமைத்த செய்தி இருக்கிறது. பாண்டிய நாட்டுக் குமிழித் தூண்கள் பலவற்றிலும் எழுத்து உண்டு, யார் செய்து கொடுத்தது என்று. கோயில் கல்வெட்டைத் தேடிப்போய்ப் படி எடுக்கிறோம். அதே எழுத்து கண்மாய்க்குள் நின்றால் அந்தக் கல்லில் துணி துவைக்கிறோம்!

மதுரை நகருக்குள் கண்மாய்களே கட்டடங்களாகிவிட்டன. உயர் நீதிமன்றக் கிளை இருப்பதே உலகனேரிக் கண்மாயில்தான். சரி, அதை இனி மாற்ற முடியாது. கிராமத்தில் மிச்சமிருப்பதையாவது காப்பாற்றலாம். ஊர்க்காரர்களே சேர்ந்து கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்தை 2017இல் அரசு திரும்பக் கொண்டுவந்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் மராமத்து என்றால் மண்ணை அள்ளுவது, கரையை உயர்த்துவது, சிமெண்ட் மதகு கட்டுவது என்பதோடு நின்றுவிடுகிறது. பழைய மடை யார் கணக்கிலும் வருவதில்லை.

ஷட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுரங்கம் இடிந்துபோன இடத்தில் வேறு வழியில்லை. அதைப் பத்தடி தள்ளிக் கட்டினால் என்ன? பழைய மடையை அப்படியே விட்டால் என்ன குறைந்துவிடும்? சுரங்கம் நன்றாக இருக்கிற மடையில் சேறோடியைச் சுத்தம் செய்து பார்க்கலாம், சில இடங்களில் மறுபடி ஓடும் என்றே நம்புகிறேன். நீர்ப்பாய்ச்சி வேலை பார்த்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்ய வேண்டும். எந்த மடை எந்த வயலுக்கு, எந்த மட்டத்தில் திறப்பது என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் முழுசாக இல்லை, அவர்கள் மனசில்தான் இருக்கிறது.

மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் எங்கள் ஊரில் ஒரு தீர்மானம் கொடுக்கிறோம்: தூர்வாரும் முன் குமிழியைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்ட வேண்டும், அதற்குள் இயந்திரம் இறங்கக் கூடாது, உடைந்த தூணைப் பழைய இடத்திலேயே நிறுத்த வேண்டும். உங்கள் ஊரிலும் கொடுங்கள். தூணில் எழுத்து தெரிந்தால் சுண்ணாம்பு, பெயின்ட் எதுவும் பூசாமல் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். தீர்மான நகல் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.