ஸ்கேன் மட்டும் போதாது, வலிக் குறிப்பும் வேண்டும்
எம்ஆர்ஐ-யில் முதுகெலும்பின் பக்க மூட்டுத் தேய்மானம் தெரிந்தாலே ரேடியோ அலையால் நரம்பைச் சுடும் சிகிச்சைக்குக் காப்பீடு கிடைத்துவிடும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது சரியில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் அந்தத் தேய்மானம் தெரியும். முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் கேட்பது வேறு: குறைந்தது 3 மாத வலி, பிசியோதெரபியும் மாத்திரையும் பலன் தராதது, பிறகு தனித்தனி நாட்களில் இரண்டு சோதனை ஊசி (வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்க நரம்பைச் சிறிது நேரம் மரக்கவைப்பது), இரண்டிலும் குறைந்தது 80 சதவீத வலிக்குறைவு. காப்பீட்டுக் கோப்பு சிக்கிக்கொள்வது இந்தக் கடைசிக் கணக்கில்தான். பத்துக்கு 8 இருந்த வலி 2-க்கு இறங்கினால் நோயாளிக்குப் பெரிய நிம்மதி, ஆனால் அது 75 சதவீதம்தான், தேறாது. அதைவிட மோசம், எண்ணே இல்லாமல் 'நல்ல பலன்' என்று மட்டும் எழுதிய மருத்துவக் குறிப்பு. ஊசியில் போவது லிடோகைன் என்ற மரப்பு மருந்து என்றால் சில மணி நேரத்தில் மரப்பு போய்விடும்; மறுநாள் போனில் கேட்டால் யாருக்கும் சரியாக நினைவிருக்காது. அதனால் ஊசிக்கு முன் ஒரு எண், பிறகு அரை மணியில் தொடங்கி மணிக்கொரு எண் என்று கையோடு எழுதிவிட வேண்டும். படுத்துக்கொண்டே எழுதினால் பயனில்லை. பின்னால் வளைவது, நெடுநேரம் நிற்பது என்று வழக்கமாக வலி கிளப்பும் அசைவைச் செய்து பார்த்து எழுதுங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் மாதம் ஒருமுறை இதைத் தொடருங்கள், மறுபடி சுட வேண்டிவந்தால் முந்தையது 6 மாதமாவது பாதி வலியைக் குறைத்ததா என்று கேட்பார்கள்.