கையால் தள்ளினால்தான் குற்றமா?

ஒரு தப்பைப் பார்த்து நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது என்பதை வைத்து அந்தத் தப்பின் அளவை எடை போடாதீர்கள். எண்ணூர்ப் பக்கம் வாழ்கிறவனாக இதை அழுத்திச் சொல்கிறேன்.

2001இல் ஜோஷுவா கிரீன் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஆட்களை மூளை ஸ்கேனரில் படுக்கவைத்துச் சில தர்மசங்கடமான கேள்விகளைக் கேட்டார்கள். தண்டவாளத்தில் ஓடிவரும் டிராலி வண்டி ஐந்து பேர் மேல் ஏறப்போகிறது. சுவிட்சைத் தட்டினால் வேறு தடத்தில் நிற்கும் ஒருவர் மட்டும் சாவார். தட்டலாம் என்பார்கள் பெரும்பாலானோர். அதே ஐந்து பேரைக் காப்பாற்ற, பாலத்தில் நிற்பவரை வண்டிக்குக் குறுக்கே கையால் தள்ளிவிட வேண்டும் என்றால்? ஐயோ, கூடவே கூடாது! கையால் தள்ளுவது போன்ற கேள்விகளின்போது உணர்ச்சி சார்ந்த மூளைப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன.

சரி, இதிலிருந்து எது நியாயம் என்று தெரிந்துவிடுமா? தெரியாது. உள்ளதை மட்டும் வைத்து, செய்ய வேண்டியதை முடிவுகட்ட முடியாது என்று 18ஆம் நூற்றாண்டிலேயே தத்துவஞானி ஹியூம் எச்சரித்தார். கை படுவதும் படாததும் அறத்துக்குச் சம்பந்தமில்லை என்ற முடிவு ஸ்கேனரிலிருந்து வருவதில்லை, அதை நாம்தான் யோசித்து எடுக்கிறோம் என்று 2009இல் செலிம் பெர்க்கர் என்ற தத்துவ அறிஞர் வாதாடினார். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனாலும் அறிவியலை ஒதுக்கிவிட மாட்டேன். நம் மனசாட்சி எந்த இடத்தில் மரத்துப்போகிறது என்று அதுதான் காட்டிக்கொடுக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மீனவர்கள் பக்கெட்டிலும் மக்கிலும் அள்ளினார்கள். படகு, வலை, முழங்கை எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு, கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பத்து ஜனங்கள் கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு ஆள் குழந்தையின் முகத்தில் அதைப் பீய்ச்சியிருந்தால் சென்னை முழுக்கக் கொதித்திருக்கும். குழாயிலிருந்து வந்ததால் அதற்குப் பெயர் ‘வாயுக்கசிவு’. ‘பாவம்ப்பா’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. எட்டிப்பிடிக்க ஒரு முகம் இல்லாத தப்புக்கு நமக்கு ரத்தம் கொதிப்பதில்லை, அவ்வளவுதான்.

அங்கேதான் அறக்கோட்பாடு வேண்டும். பலனைக் கணக்குப் பார்க்கிறவர்களைக் கேளுங்கள், கடமையைப் பேசும் தத்துவஞானி கான்ட்டைக் கேளுங்கள். சின்னகுப்பத்துக் குழந்தையின் நுரையீரலுக்கு மதிப்பு குறைவு என்று இரண்டு பேராலும் சொல்ல முடியாது. அதனால் வடசென்னைக்கு இன்னொரு ஆலையோ விரிவாக்கமோ என்று கருத்துக்கேட்புக் கூட்டம் வரும்போது, உங்களுக்குக் கோபம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். லாபம் யாருக்கு, புகை யாருக்கு, அந்தப் புகையைச் சுவாசிக்கப்போகிறவர்கள் சம்மதித்தார்களா என்று மட்டும் கேளுங்கள்.