தார்ச்சாலை வளைவில் 4 ஹெச் வேண்டாம்

"டொயோட்டா ஃபார்ச்சூனரின் நான்கு சக்கர இயக்க மாடலை வாங்கி, அடிவாரத்திலேயே 4 ஹெச்சில் (நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும் நிலை) போட்டுவிட்டால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிடிப்பு கூடும்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது, காய்ந்த தார்ச்சாலையைப் பொறுத்தவரை தவறு. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தொலைவு உருள வேண்டும். ஆனால் நடுவில் டிஃபரன்ஷியல் (முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பு) இல்லாத இவ்வகை வண்டியில் 4 ஹெச் முன், பின் அச்சுகளை ஒரே வேகத்தில் பிணைத்துவிடுவதால், அந்த வேறுபாட்டை டயரும் கியர் அமைப்பும்தான் தாங்க வேண்டியிருக்கும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் சற்றே சறுக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்ளும், தாரில் அதற்கு வழியில்லை.

திம்பம் மலைப்பாதையில் ஒருமுறை 4 ஹெச்சிலிருந்து மாற்ற மறந்து (மறதி என்னுடையதுதான், வண்டியைக் குறை சொல்ல முடியாது) ஏறியபோது, ஸ்டீயரிங் இறுகி வண்டி விக்கி விக்கித் திரும்பியது. மேலே போய்ச் சில அடி ரிவர்ஸ் எடுத்த பிறகே 2 ஹெச்சுக்கு (பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் நிலை) வந்தது.

லேண்ட் க்ரூசர் 300 போன்ற நிரந்தர நான்கு சக்கர இயக்க வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் இருப்பதால் இச்சிக்கல் இல்லை. இறக்கத்துக்கு எந்த வண்டியானாலும் குறைந்த கியர்தான். 4 ஹெச் போட்டாலும் போடாவிட்டாலும் பிரேக் எப்போதும் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. கூடாரம் போடத் தோட்டத்து மண்பாதையில் இறங்கும்போது 4 ஹெச்சைப் போட்டுக்கொள்ளலாம்.